கரும்புத் தீவில் இரண்டு மேளங்கள்

கரீபியன் தீவுக்குப் போய் வந்தேன் என்றதும் எங்கள் ஊர் அத்திபெலேயில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கிரிக்கெட் பாத்தீங்களா?" நமக்கு அந்தக் கடல் என்றாலே லாரா, கெயில்தானே. ஆனால் நான் போன குவாதலூப்பில் கிரிக்கெட்டுக்குப் பெரிய மவுசு கிடையாது. வெஸ்ட் இண்டீஸ் அணி பழைய பிரிட்டிஷ் காலனிகளின் அணி. இதுவோ பிரெஞ்சுக்காரன் பிடித்த தீவு. இங்கே கால்பந்துதான் எல்லாம். 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸுக்காக இரண்டு கோல் போட்டாரே லிலியான் துராம், அவர் பிறந்த மண் இது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குவாதலூப் தனி நாடு இல்லை. 1946-லிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டம். பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கும் மேல் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்து இறங்கினால் அங்கேயும் யூரோ, அதே மஞ்சள் தபால் பெட்டி, அதே போலீஸ் சீருடை. வெயில் மட்டும் நம்ம காரைக்கால் வெயில்.

என் தம்பிக்குப் பாரிஸ் பக்கம் வேலை. "அக்கா, இந்த வாட்டி ஈஃபில் டவர் எல்லாம் வேணாம், வேற எங்கயாவது போலாம்"னு அவன்தான் ஆரம்பித்தான். அவன் மனசில் இருந்தது வெள்ளை மணல். எனக்கு வேறு கணக்கு.

நான் தொழிற்பேட்டையில் சம்பளப் பட்டியல் போடுகிறவள். காலையில் ஓசூர் பக்கத்திலிருந்தும் சந்தாபுரா பக்கத்திலிருந்தும் வருகிற கம்பெனி பஸ்களில் பாதிப் பேர் கான்ட்ராக்ட் ஆட்கள். ஒடிசா, ஜார்கண்ட், பீகார் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களுடைய வருகைப் பதிவு, பிடித்தம், ஓவர்டைம், ஊருக்குப் போகக் கேட்கும் முன்பணம் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். அதனால் சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் போன ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிப் படித்தபோது, கப்பலையும் புயலையும் விட அந்த ஒப்பந்தத் தாள்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

1848 ஏப்ரலில் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்பு வெட்ட ஆள் இல்லை, சரியாகச் சொன்னால் அதே கூலிக்கு வெட்ட ஆள் இல்லை. தோட்ட முதலாளிகள் உலகம் பூராவும் தேடிவிட்டு நம்ம பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற பாய்மரக் கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வந்து புவாந்தாபீத்ர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. முந்நூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் தமிழர்கள். 1861-ல் பிரிட்டிஷ்காரனோடு ஒரு உடன்படிக்கை போட்டுக்கொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் சுமார் 42,000 பேர். ஊருக்குத் திரும்பியவர்கள் பத்தாயிரம்கூட இல்லை. இங்கே அவர்களைப் பிடித்துக் கொடுத்த தரகருக்கு அன்றைக்கும் மேஸ்திரி என்றுதான் பெயர்.

ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க், பெண்ணுக்கு 10. மாதம் என்றால் 26 வேலை நாள். வேலைக்கு வராத நாள் கணக்கில் சேராது, அதாவது காய்ச்சலில் படுத்த ஒவ்வொரு நாளும் ஒப்பந்தத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் ரோட்டில் அகப்பட்டால் ஊர்சுற்றி என்று பிடித்து உள்ளே வைக்கலாம். 26 நாள் என்ற எண்ணைப் பார்த்ததும் சம்பளப் பட்டியல் போடுகிற யாருக்கும் சுருக்கென்று இருக்கும். நான் தினமும் வகுக்கிற எண் அது.

ஆகவே தம்பியிடம் சொன்னேன், கடற்கரைக்கு அரை நாள் தருகிறேன், மிச்சத்தில் கரும்பு போன வழியிலேயே நாம் போக வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் இந்தத் தீவின் ஊர்கள் புரிகின்றன என்பது என் கட்சி. சுற்றுலாப் புத்தகங்கள் 'காலனி கால அழகு' என்று மரப் பால்கனிகளையும் வண்ணச் சுவர்களையும் காட்டும். அந்தப் பால்கனியில் யார் உட்கார்ந்தார்கள், எந்தப் பணத்தில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு ஊர் பார்ப்பது.

வரைபடத்தில் குவாதலூப் ஒரு பட்டாம்பூச்சி மாதிரி தெரியும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புப் பாறை மேல் படுத்த சமவெளி, கண்ணுக்கெட்டிய வரை கரும்பு. மேற்குச் சிறகு பாஸ்-தேர், எரிமலை, மழைக்காடு, வாழைத் தோட்டம். இரண்டையும் பிரிக்கிற ஒல்லியான உப்பு நீர்க் கால்வாய்ப் பக்கத்தில் புவாந்தாபீத்ர் இருக்கிறது. சர்க்கரை இறங்கி ஏறவென்றே வளர்ந்த ஊர்.

அந்த ஊரின் நடுவில் 'வெற்றிச் சதுக்கம்'. 1794-ல் பாரிஸ் புரட்சி அரசு அனுப்பிய விக்தோர் யூக், ஒரு கையில் அடிமை ஒழிப்பு ஆணையும் இன்னொரு கையில் கில்லட்டினும் கொண்டு வந்து ஆங்கிலேயரை விரட்டிய வெற்றி அது. தலைவெட்டும் அந்த எந்திரம் இந்தச் சதுக்கத்தில்தான் நின்றது. எட்டே வருஷத்தில் நெப்போலியன் அடிமை முறையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். விடுதலையைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டது இந்த மண்ணில் இன்னும் ஆறாத கதை, அதற்குப் பிறகு வருகிறேன். இதே சதுக்கத்தில் 1967 மே மாதம் கட்டடத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுக் கூடியபோது போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எட்டு என்றது அரசு. எண்பதுக்கு மேல் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்று அங்கே மர நிழலில் பெரியவர்கள் டோமினோ ஆடுகிறார்கள். பலகையில் காயை அடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

சதுக்கத்தைத் தாண்டினால் படகுத்துறை. அங்கே இந்தியர்கள் வந்திறங்கிய முதல் நாளுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று எல்லாரையும் போல நாங்களும் போட்டோ எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் மீன் விற்ற அம்மா எங்கள் முகத்தைப் பார்த்து, சேன்-ஃபிரான்சுவா ஊர்க்காரர்களா என்று தம்பியிடம் கேட்டார். அந்த ஊரில் இந்திய வம்சாவளியினர் அதிகம். எர்னஸ்ட் முத்துசாமி என்ற எழுத்தாளர் அங்கே 1989-லிருந்து 2008 வரை மேயர், பாரிஸ் நாடாளுமன்றத்திலும் இருபது வருஷம் உறுப்பினர்.

நகரத்தின் பெரிய தேவாலயம் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ரயில்வே ஸ்டேஷன் கூரை போல இருக்கிறது. 1843 பிப்ரவரி 8-ல் வந்த பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரையே படுக்க வைத்துவிட்டன. திரும்பக் கட்டும்போது கல்லை நம்பாமல் இரும்புச் சட்டம் போட்டார்கள். மசாலாச் சந்தையின் கூரையும் இரும்புதான். சந்தையில் பட்டை, ஜாதிக்காய், வனிலா, மஞ்சள் வாசனைக்கு நடுவே கட்டம் போட்ட மதராஸ் துணி தொங்குகிறது. நம்ம கைலித் துணியேதான். அங்கே அதுதான் தேசிய உடை மாதிரி, விழா நாளில் பாட்டிமார் தலையில் கட்டுகிறார்கள். 'கொலம்போ' பொடி என்று கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம் எல்லாம் அரைத்து விற்கிறார்கள். ஆட்டுக்கறி கொலம்போ குவாதலூப்பின் விருந்துச் சாப்பாடு, நம்ம குழம்புதான். காரம் நமக்குப் பத்தாது. மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கடித்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஓரம், தார்பூசியே என்ற பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-ல் 'மெமோரியல் ஆக்ட்' என்ற நினைவு மையம் திறந்தார்கள். 1869-ல் தொடங்கிய அந்த ஆலை தீவிலேயே பெரிது, 1980-ல் மூடினார்கள். இன்று கடலோரத்தில் ஒரு நீளக் கறுப்புப் பெட்டி, அதைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஆல விழுது போல் பின்னிய கம்பிகள். இடிந்த கட்டடங்களைப் பிடித்துக்கொண்டு வளரும் அந்த ஊர் அத்தி மரத்தின் வேரைத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எட்டு கோடி யூரோவுக்கு மேல் செலவு. வேலையில்லாத் திண்டாட்டம் இவ்வளவு இருக்கிற ஊரில் இது தேவையா என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. எனக்குக் கட்டடத்தை விட அது நிற்கிற இடம் பிடித்தது. ஆலையை இடித்து மால் கட்டாமல், கரும்பு அரைத்த இடத்திலேயே கரும்பின் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்களே. உள்ளே சாவகாசமாக ஒரு முழுப் பகல் வேண்டும். விலங்கு, ஏலப் பட்டியல், கப்பல் வரைபடம் என்று போய்க்கொண்டே இருக்கும். தம்பி பாதியில் வெளியே போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

இப்போது மேளத்துக்கு வருகிறேன். நான் இவ்வளவு தூரம் போனதற்கு ஒப்பந்தத் தாள் பாதிக் காரணம், இது மீதி.

சனிக்கிழமை காலையில் புவாந்தாபீத்ரின் கடைத்தெருவுக்குப் போனால் ஒரு மேளக்காரர் சிலை இருக்கும். மார்செல் லோலியா, 'வெலோ' என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். 1931-ல் பிறந்து 1984-ல் செத்துப்போனார். வாழும்போது வறுமை, தெருவோர வாழ்க்கை. சாவுக்குக் கூடியதோ ஆயிரக்கணக்கான சனம். அந்தச் சிலையைச் சுற்றித்தான் மேளக்காரர்கள் கூடுகிறார்கள். டிக்கெட், மேடை, மைக் எதுவும் இல்லை. காய்கறிப் பையோடு வந்த பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வட்டத்துக்குள் இறங்கி ஆடிவிட்டு, மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

இந்த இசைக்கு 'க்வோ கா' என்று பெயர், 2014-ல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. மேளத்தை அடிமைகள் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். உப்புக்கறி வந்த மரப் பீப்பாய், அதன் வாயில் ஆட்டுத் தோல். இரண்டு வகை. 'பூலா' என்ற தாழ்ந்த குரல் மேளங்கள் ஒரே தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், அதற்குக் கிடாத் தோல். 'மக்கே' உயர்ந்த குரல், அதற்குப் பெட்டை ஆட்டுத் தோல், அதுதான் பேசும். அடிப்படைத் தாளம் ஏழு. உழைப்புக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மனநிலை உண்டு. கிராமத்தில் இரவு முழுக்க நடக்கும் க்வோ காவுக்கு 'லெவோஸ்' என்று பெயர், அதுவே ஏழில் ஒரு தாளத்தின் பெயரும்கூட. கரும்பு ஆலையில் கூலி போட்ட நாள் ராத்திரிகளில் கூடிய பழக்கம். கூலி நாளில் மேளம்!

நம்ம ஊரில் ஆடுகிறவர் தாளத்துக்கு ஆடுவார். அங்கே தலைகீழ். ஆடுகிறவர் வட்டத்துக்குள் வந்து மக்கே மேளக்காரர் முன்னால் நின்றால், மேளக்காரர் அவர் காலைத்தான் பார்க்கிறார். கால் தடுமாறுகிற மாதிரி போனால் அடியும் தடுமாறுகிறது, கால் சட்டென்று நின்றால் அடியும் வெட்டுகிறது. ஆடுகிறவர் மேளத்தை ஏமாற்றப் பார்க்கிறார், மேளம் ஏமாறாமல் இருக்கப் பார்க்கிறது. கூட்டம் ரசிப்பது இந்தப் பந்தயத்தை. ஒரு எழுபது வயதுப் பாட்டி விழுவது போலச் சாய்ந்து கடைசி நொடியில் நிமிர்ந்தார், மேளக்காரர் கையும் அதே நொடியில் நின்றது, கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. நாள் முழுக்க மேஸ்திரி சொன்னதற்குத் தான் ஆடிய ஒரு உடம்பு, ராத்திரியில் மேளத்தைத் தன் காலுக்கு ஆட வைத்திருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

வாடகைக் காரின் ரேடியோவில் வருவது 'சூக்'. 1979-ல் குவாதலூப்காரர்கள் தொடங்கிய 'கஸ்ஸாவ்' குழு உலகம் முழுக்கக் கொண்டுபோன இசை, அதன் கித்தார்க்காரர் ஜாக்கோப் தெவாரியூ 2021-ல் கோவிட்டில் போனார். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெருமேளத்துக்கு அப்புறம் எல்லாம் கொஞ்சம் சீனி போட்ட மாதிரி இருந்தது.

கிராந்த்-தேர் சிறகில் இரண்டு ஊரை வேகமாகச் சொல்கிறேன். பெத்தி-கனாலில் படகுத்துறையிலிருந்து தேவாலயத்துக்கு ஏறும் கல்படிகளை 'அடிமைகளின் படி' என்கிறார்கள். ஓரத்தில் காங்கோ, யொரூபா, இக்போ, வொலோஃப் என்று ஆப்பிரிக்க இனங்களின் பெயர்ப் பலகைகள். லெ மூல் அட்லாண்டிக் பக்கத்துப் பழைய சர்க்கரைத் துறைமுகம், இன்றும் ரம் காய்ச்சுகிற வாசனை வருகிறது. 1952 பிப்ரவரி 14-ல் அங்கே வேலைநிறுத்தம் செய்த கரும்புத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டு நாலு பேர் செத்தார்கள். காதலர் தினத்தை அந்த ஊர் அப்படி நினைவு வைத்திருக்கிறது.

பாஸ்-தேர் சிறகுக்குப் போகிற ரோட்டில் கபெஸ்தேர். ஊருக்கு முன்னால் அரசப் பனைகள் இரண்டு பக்கமும் வரிசைகட்டி நிற்கிற சாலை, போஸ்ட்கார்டு அழகு. அதே மெயின் ரோட்டோரத்தில், வாழைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில், ஷான்ஜி என்ற இடத்தில் பளீர் நிறத்தில் பொம்மைகளோடு நம்ம மாரியம்மன் கோயில். அங்கே 'மலியேமின்'. மதுரை வீரனும் உண்டு. பூசாரி, வேப்பிலை, மஞ்சள், கிடா வெட்டு எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களே இங்கேயும் வருகிறார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதாகத் தெரியவில்லை.

பூசை நாளில் அடிப்பது 'தப்பு'. வட்டச் சட்டத்தில் தோல், நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிக் குச்சியால் அடிப்பது. எங்கள் அத்திபெலே மாரம்மா ஜாத்திரையில் தமட்டெ அடிக்கிற பையன்களும் பழைய பேப்பரைக் கொளுத்தித்தான் காய்ச்சுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கால் நிற்கவில்லை. கூடவே கையால் அடிக்கும் மத்தளமும் தாளமும். இவை இரண்டும் முக்கியமாக வேண்டியது 'நாத்ரோன்' என்ற விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கு. நம்ம தெருக்கூத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், நடுவில் பாட்டு, கதை ராஜா ராணி கதை. நடத்துகிறவருக்கு வாத்தியார் என்று பெயர்.

கோயில் பக்கத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தோம். தாத்தாவின் தாத்தா கப்பலில் வந்தவர். அவருக்குத் தமிழ் பேச வராது. கிரியோலும் பிரெஞ்சும்தான். ஆனால் நாத்ரோன் பாட்டு தெரியும், அப்பா கற்றுக்கொடுத்தது, பிரெஞ்சு எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நீளமாக ஒரு பாட்டுப் பாடினார். ராகம் எங்கோ கேட்ட ராகம். வார்த்தைகளில் ஒன்றிரண்டு பிடிபட்டது, மிச்சம் பிடிபடவில்லை. முடித்துவிட்டுத் தம்பி வழியாகக் கேட்டார், நான் சரியாகச் சொல்கிறேனா?

தம்பி என்னைப் பார்த்தான். "சொல்லுக்கா."

நான் என்ன சொல்ல? எங்கள் வீட்டிலேயே கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ். மதுரையிலிருந்து வந்த என் நாத்தனார் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பாள். அத்திபெலேயில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெரியவரின் தாளம் ஒரு இடத்திலும் விலகவில்லை. அதைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுபடி ஒரு வரியைப் பாடி, இது என்ன அர்த்தம் என்றார். ஏதோ ராஜா வேட்டைக்குப் போவது மாதிரி இருக்கிறது என்றேன். ஆமாம், அந்த இடத்தில் ராஜா வேட்டைக்குத்தான் போவார் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். கதை தெரியும், ஆட்டம் தெரியும், எந்த வரியில் யார் உள்ளே வர வேண்டும் என்பதும் தெரியும். அகராதி ஒன்றுதான் இல்லை.

இதே கபெஸ்தேரில் 1863-ல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தும் ஓட்டுரிமை இல்லாமல் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரனும் இல்லை, இந்தியாவுக்கும் கணக்கில் இல்லை. 1904-ல் அவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போனார் சிதம்பரம், அரசு மறுத்தது. வழக்கு, மனு, மேல்முறையீடு என்று பத்தொன்பது வருஷம் போனது. 1923-ல்தான் பாரிஸ் இறங்கி வந்தது. 1952 வரை வாழ்ந்தார். நம்ம ஊர்ப் பாடப் புத்தகத்தில் தில்லையாடி வள்ளியம்மை இருக்கிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இவருக்கும் இடம் வேண்டும். இங்கே எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

கபெஸ்தேர் மண்ணில் இன்னொரு பரம்பரைச் சொத்தும் இருக்கிறது. 1972-லிருந்து 1993 வரை வாழைத் தோட்டங்களில் அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து. பிரான்ஸ் நாட்டில் 1990-லேயே தடை வந்தது, இந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்கு நீடித்தது. இன்று தீவின் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அதன் தடம். சில ஓடைகளில் மீன் பிடிக்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பனைச் சாலையைப் படம் எடுக்கிறவர்கள் இந்தப் பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

தீவின் தலைநகரமும் பாஸ்-தேர் என்ற பெயரில்தான் இருக்கிறது. எரிமலை அடிவாரம், சின்ன ஊர், சாயங்காலமானால் கடை சாத்திவிடும். அங்கே போக ஒரே காரணம் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது, இன்று பெயர் தெல்கிரேஸ் கோட்டை. 1759-ல் இதை ஆங்கிலேயன் பிடித்தான். 1761-ல் நம்ம புதுச்சேரியையும் பிடித்தான். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் இரண்டையும் சேர்த்து பிரான்ஸிடம் திருப்பிக் கொடுத்தான். பிரான்ஸ் பதிலுக்கு விட்டுக்கொடுத்தது கனடாவை! பனி மூடிய கண்டத்தை விடச் சர்க்கரைத் தீவு லாபம் என்று கணக்குப் போட்ட காலம். புதுச்சேரியும் குவாதலூப்பும் ஒரே தாளில் ஒரே கொடிக்குத் திரும்பிய அந்தக் கையெழுத்தில்தான், தொண்ணூறு வருஷம் கழித்து வந்த ஒரேலி கப்பலின் விதை இருக்கிறது.

லூயி தெல்கிரேஸ், மார்த்தினிக் தீவில் பிறந்த கலப்பினத்தவர், பிரெஞ்சுப் படை அதிகாரி. 1802-ல் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவர ஜெனரல் ரிஷ்பான்ஸை அனுப்பினான். தெல்கிரேஸ் இந்தக் கோட்டையில் நின்று எதிர்த்தார். உலகம் முழுவதையும் விளித்து ஒரு அறிக்கை வெளியிட்டார். கோட்டையைப் பிடித்துவைக்க முடியாமல் மலைமேல் மத்தூபாவுக்குப் பின்வாங்கி, மே 28 அன்று, பிடிபட்டு மறுபடி அடிமையாவதை விட இதுவே மேல் என்று சுமார் முந்நூறு பேரோடு வெடிமருந்தைக் கொளுத்திக்கொண்டார். அந்தப் போரில் நின்ற 'சோலித்யூத்' என்ற பெண் கர்ப்பிணி. பிடித்தவர்கள் பிள்ளை பெறும் வரை காத்திருந்து, பெற்ற மறுநாள் தூக்கில் போட்டார்கள். புவாந்தாபீத்ரை ஒட்டிய அபீம் ஊரில் அவள் சிலை இருக்கிறது.

ரிஷ்பான்ஸ் ஜெயித்தான், ஆனால் அதே வருஷம் மஞ்சள் காய்ச்சலில் செத்தான். அவன் கல்லறை இதே கோட்டைக்குள்தான். கோட்டைக்கும் நெடுநாள் அவன் பெயர்தான். 1989-ல் பெயரை தெல்கிரேஸ் என்று மாற்றினார்கள். கல்லறையைத் தொடவில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. தோற்றவர் பெயர் கொண்ட கோட்டைக்குள் ஜெயித்தவன் வாடகைக்குப் படுத்திருக்கிறான்.

பக்கத்து ஊர் பாயிஃப். 1745-ல் அங்கே ஒரு தோட்ட முதலாளிக்கும் நனோன் என்ற அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த ஜோசஃப் பொலோன், பாரிஸ் போய் ஐரோப்பாவின் சிறந்த வாள்வீரர்களில் ஒருவராகவும் வயலின் மேதையாகவும் ஆனார். செவாலியே த சேன்-ஜோர்ஜ் என்றால்தான் தெரியும். ஹைடனின் புகழ்பெற்ற பாரிஸ் சிம்பொனிகளை முதலில் அரங்கேற்றியது அவர் நடத்திய இசைக்குழு. செத்தது 1799 ஜூனில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்து ஒரு மாதத்துக்கெல்லாம். பாரிஸில் ரிஷ்பான்ஸ் பெயரில் ஒரு தெரு இருந்தது. 2001-ல் அதை எடுத்துவிட்டுச் சேன்-ஜோர்ஜ் பெயரை வைத்தார்கள். தம்பி வேலைக்குப் போகிற வழியில் அந்தத் தெரு முனையைக் கடந்துதான் போகிறானாம், இது நாள் வரை பலகையைப் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஷெங்கன் விசா மட்டும் கையில் இருந்தால் குவாதலூப்பில் இறங்க முடியாது. பிரான்ஸின் கடல் கடந்த மாவட்டங்களுக்கும் செல்லும் என்று விசாவில் இருக்க வேண்டும், விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். பெங்களூரிலிருந்து பாரிஸ் போகிற விமானம் ஷார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கும், தீவுக்குப் போகிற விமானம் பெரும்பாலும் ஓர்லியிலிருந்து. நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். கார் இல்லாமல் தீவைச் சுற்றுவது கஷ்டம், ஞாயிற்றுக்கிழமை பஸ் கிட்டத்தட்டக் கிடையாது. சாமான் விலை பாரிஸை விட அதிகம், பாதிப் பண்டம் கப்பலில் பிரான்ஸிலிருந்து வருகிறது. 2009-ல் இந்த விலைவாசிக்காகவே தீவு முழுக்க 44 நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

கிடா வெட்டுப் பூசைக்கு நாள் குறிப்பது அந்தந்தக் குடும்பம். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போனால் உள்ளே விடுவார்கள், சாப்பாடும் போடுவார்கள், வாழை இலையில்.

ஒரேலி கப்பல் குவாதலூப்புக்கு வருவதற்கு முந்தின வருஷம், 1853 மே மாதம், மார்த்தினிக் தீவின் சேன்-பியேர் துறைமுகத்தில் ஆட்களை இறக்கியிருந்தது. 1902-ல் எரிமலை வெடித்து சில நிமிஷத்தில் சாம்பலான ஊர் அது. இரண்டு தீவுக்கும் நடுவே பயணிகள் கப்பல் ஓடுகிறது. தம்பிக்கு லீவு கிடைத்தால் அடுத்தது அங்கேதான்.